உலை ஒன்று, பந்தி ஒன்று

கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்று சொல்லாத பாட்டி நம் நாட்டில் இல்லை. பாட்டி சொன்ன பழமொழி இருக்கிறது. கோடி நன்மையைத்தான் காணோம்! ஏன் காணோம்? கூடி வாழ்வது என்று நாம் எதனைக் கருதினோம்? ஓர் ஊர் என்றோம். ஊருக்குள்ளே தெருவைப் பிரித்தோம். தெருவுக்கு அப்பால் சேரியை வைத்தோம். கிணற்றைப் பிரித்தோம், குவளையைப் பிரித்தோம், செத்த பிறகு படுக்கும் ஆறடி நிலத்தையும் பிரித்தோம். இத்தனையும் பிரித்து வைத்துவிட்டு, கூடி வாழ்கிறோம் என்று கூசாமல் கூறினோம்.

நெல்லைச் சீமையின் வடகோடியில், நெடுங்காலம் சங்கரன்கோவில் வட்டத்தில் இருந்த பழைய ஜமீன் ஊர் இளையரசனேந்தல். கரிசல் மண். வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் எல்லார் காட்டிலும் பெய்கிறது. பருத்தி வெடித்தால் எல்லார் காட்டிலும் வெள்ளையாகவே வெடிக்கிறது. மண்ணுக்கும் மழைக்கும் சாதி தெரியவில்லை. மனிதனுக்குத்தான் தெரிந்திருந்தது! ஜமீன் காலத்திலே நிலம் ஒருவருடையது, நெற்றி வியர்வை பலருடையது என்பது நாடறிந்த கதை. 1948-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் பிறந்தது. பட்டா மாறிற்று. ஆனால் பந்தி மாறிற்றா?

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் உலக வரலாற்றின் ஒரு சிறு ஏட்டைப் புரட்ட விரும்புகிறோம். நிலத்தைப் பொதுவாக்கியவர்கள் உண்டா? உண்டு. நிலத்தோடு அடுக்களையையும் பொதுவாக்கியவர்கள் உண்டா? உண்டு. அவர்கள் வென்றது எங்கே, தோற்றது எங்கே என்று பார்ப்போம். கரிசல் காட்டு இளைஞனுக்கு யோர்தான் ஆற்றங்கரைக் கதை எதற்கு என்று கேட்பார் உளர். கதை முடியும்போது அது பொருநை ஆற்றங்கரைக்கே வந்து நிற்பதைக் காண்பார்கள்.

கங்காணி வேண்டாம்!

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ருசியப் பேரரசில் யூதனாகப் பிறப்பதே குற்றம் என்ற நிலை இருந்தது. 1881-க்குப் பின் கலவரங்கள், கொள்ளைகள். 1903-இல் கிஷினேவ் நகரில் படுகொலை. உயிருக்கு அஞ்சி ஓடியவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினர். ஒரு சிறு கூட்டம், அன்று துருக்கியரின் ஆட்சியில் இருந்த பாலத்தீனத்துக்குச் சென்றது. அவர்களில் பலர் இருபது வயது இளைஞர்கள். ஏர் பிடித்தறியாத கைகள். ஆனால் ஏடு படித்த கண்கள். டால்ஸ்டாயைப் படித்தவர்கள், சமதர்ம நூல்களைப் படித்தவர்கள், தாங்கள் பிறந்த மதத்தின் சடங்குகளிலிருந்து விலகி வந்தவர்கள்.

அங்கே அவர்கள் கண்டது என்ன? முன்னரே குடியேறிய யூதப் பண்ணையார்கள் மேட்டிலே நின்றனர். அரபுக் கூலிகள் பள்ளத்திலே உழைத்தனர். ருசியாவில் எந்த ஏற்றத்தாழ்வை வெறுத்தார்களோ, அதே ஏற்றத்தாழ்வு இங்கே தங்கள் இனத்தவர் பெயரிலேயே நடந்தது. கலிலேயாக் கடல் என்று விவிலியம் அழைக்கும் கின்னரெட் ஏரியின் கரையில் ஒரு பயிற்சிப் பண்ணை இருந்தது. அதன் மேற்பார்வையாளருக்கும் தொழிலாளருக்கும் 1909-இல் தகராறு மூண்டது; வேலை நின்றது. யாஃபா நகரில் இருந்த பாலத்தீன அலுவலகத்தின் தலைவர் ஆர்தர் ருப்பின் ஒரு வழி சொன்னார். ஏரியின் தென்கரையில், உம் ஜூனி என்ற இடத்தில் உள்ள நிலத்தை ஓராண்டுக்கு நீங்களே நடத்திக் காட்டுங்கள். மேற்பார்வையாளர் எவரும் இல்லை என்றார்.

நடத்திக் காட்டினர். ஆண்டு முடிவில் நட்டம் இல்லை, ஆதாயம் இருந்தது! கங்காணியின் பிரம்பு இல்லாமல் கழனி விளையாது என்ற தத்துவம், களத்து மேட்டிலேயே பொய்யாயிற்று.

1910-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில், ஹதேரா என்ற ஊரில் உழைத்துக்கொண்டிருந்த வேறொரு குழு அங்கே வந்து நிலையாகத் தங்கிற்று. பத்து ஆண்கள், இரண்டு பெண்கள், ஆகப் பன்னிருவர். தானியம் என்ற பொருள்படும் எபிரேயச் சொல்லிலிருந்து தங்கள் குடியிருப்புக்குப் பெயர் வைத்தனர்: டெகானியா. இதுவே முதல் கிப்புட்ஸ். கிப்புட்ஸ் என்றால் கூட்டம், திரள் என்று பொருள்.

அங்கே முறை என்ன? நிலம் எவருக்கும் சொந்தமில்லை. கூலி எவருக்கும் இல்லை. உழைப்பது இயன்ற அளவு. பெறுவது தேவையான அளவு. முடிவுகள் எல்லாம் பொதுக் கூட்டத்தில். உணவு எல்லோருக்கும் ஒரே கூடத்தில். ஏர் ஓட்டியவனும் கணக்கு எழுதியவனும் ஒரே பலகையில் அமர்ந்து ஒரே பாத்திரத்து உணவை உண்டனர். கோயில் கட்டி ஊரைத் தொடங்கவில்லை. சாப்பாட்டுக் கூடத்தை நடுவில் வைத்து ஊரைத் தொடங்கினர். பின்னால் எழுந்த கிப்புட்ஸ்களில் மதப்பற்றுடையோர் அமைத்தவையும் உண்டு என்றாலும், பெரும்பாலானவை புரோகிதருக்கு இடம் கொடாதவை. பழைய பண்டிகைகளை அறுவடை விழாக்களாக மாற்றிக்கொண்டவை.

மாட்டுக் கொட்டிலில் ஒரு புரட்சி

எல்லாம் பொதுவானது என்றோமே, எல்லோருக்கும் பொதுவாயிற்றா? அந்த இரண்டு பெண்களைக் கேட்டிருக்க வேண்டும்! ஆண்கள் வயலுக்குப் போனார்கள்; பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை அடுப்பும் அழுக்குத் துணியும். சமதர்மம் பேசிய வாய்கள்தாம். சமையலறை வாசலில் வந்ததும் மௌனமாகிவிட்டன.

மிரியம் பாரட்ஸ் என்ற பெண் இதை ஏற்கவில்லை. மாட்டுக் கொட்டிலில் வேலை வேண்டும் என்றாள். அது ஆண்கள் வேலை என்றனர். அவள் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. அக்கம்பக்கத்து அரபுப் பெண்ணிடம் பால் கறக்கக் கற்றுக்கொண்டாள், கறந்து காட்டினாள். கொட்டில் அவள் பொறுப்பில் வந்தது. 1913-இல் அவளுக்கு ஒரு மகன் பிறந்தான். டெகானியாவின் முதல் குழந்தை அவன். தாய் கொட்டிலுக்குப் போனால் குழந்தையை யார் பார்ப்பது என்ற கேள்வி எழுந்தது. குழந்தை வளர்ப்பு தாயின் தனிச் சுமையன்று, ஊரின் பொதுக் கடமை என்ற விடைக்கு அவர்கள் மெல்ல மெல்ல வந்தனர். பின்னாளில் பல கிப்புட்ஸ்களில் குழந்தைகள் தனி இல்லத்தில் உறங்கும் வழக்கமே ஏற்பட்டது. அது மிகையென்று அங்கு வளர்ந்த பிள்ளைகளே பிறகு குறை கூறினர், வழக்கமும் மறைந்தது. மிகையைக் களைந்தனர். ஆனால் கேள்வி எழுப்பியதே ஒரு சாதனை அன்றோ?

நம் வீட்டிலே சமத்துவம் பேசிவிட்டு, பேச்சு முடிந்ததும் "சோறு ஆயிற்றா?" என்று உள்ளே குரல் கொடுக்கும் தோழர்கள், மிரியத்தின் கதையை ஒரு முறைக்கு இருமுறை படிப்பது நல்லது.

வாசற்கதவு

புகழ வேண்டியதைப் புகழ்ந்தோம். இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்லாவிட்டால் வரலாறு எழுதுவோர் ஆக மாட்டோம். வாழ்த்துப்பா பாடுவோர் ஆகிவிடுவோம்.

உம் ஜூனி நிலம் யூத தேசிய நிதி என்ற அமைப்பு விலைக்கு வாங்கிய நிலம். விலை கொடுத்தது உண்மை. பத்திரம் எழுதியது உண்மை. ஆனால் விற்றவன் வேறு, உழுதவன் வேறு. பாலத்தீனத்தின் பல பகுதிகளில், எங்கோ இருந்த நிலப்பிரபு கையெழுத்திட்டான். தலைமுறை தலைமுறையாக உழுத அரபுக் குடியானவன் வெளியேறினான். யூதர் நிலத்தில் யூதர் உழைப்பே என்பது கொள்கையாயிற்று. சுரண்டல் கூடாது என்ற நல்ல எண்ணமும் அதில் இருந்தது. அயலான் கூடாது என்ற பொல்லாத விளைவும் அதில் இருந்தது. மிரியத்துக்குப் பால் கறக்கக் கற்றுக்கொடுத்த அரபுப் பெண்ணின் இனத்தவர்க்கு, கிப்புட்ஸ்களின் சாப்பாட்டுக் கூடங்களில் உறுப்பினர் என்ற இடம் பொதுவாக இல்லை.

1948-இல் போர். மே மாதத்தில் சிரியப் படையின் டாங்கிகள் டெகானியாவின் வாசல்வரை வந்து தடுத்து நிறுத்தப்பட்டன. அந்தப் போரில் டெகானியா தப்பியது. அதே போரில் ஏறத்தாழ 7 லட்சம் பாலத்தீன அரபு மக்கள் வீடிழந்து ஏதிலிகள் ஆயினர். அவர்கள் விட்டுச்சென்ற வயல்களில் பல, கிப்புட்ஸ்களின் வயல்களாயின. உள்ளே இருப்பவர்க்கெல்லாம் ஒரே உணவு. வெளியே நிறுத்தப்பட்டவர்க்கு ஊரே இல்லை! பந்தியில் சமத்துவம் இருந்தது, வாசலில் இல்லை.

பிறகு உள்ளேயும் கோணல் புகுந்தது. ஆலைகள் வந்தன; ஆள் போதவில்லை. 1950-களிலிருந்து, அரபு நாடுகளிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் புதிதாக வந்த யூதர்களைக் கூலிக்கு அமர்த்தினர். கூலி கொடுப்பதில்லை என்று தொடங்கியவர்கள் முதலாளிகளாயினர். 1980-களில் கடன் கழுத்தை நெரித்தது. 2007-ஆம் ஆண்டில் டெகானியாவே வாக்கெடுத்து, வேலைக்கேற்ற ஊதியம், பெற்றதற்கேற்ற கட்டணம் என்ற முறைக்கு மாறிற்று. ஏறத்தாழ 270 கிப்புட்ஸ்கள் இருக்கின்றன. அவற்றில் பழைய முறையை முழுமையாகக் காப்பவை சிறுபான்மையே.

ஆகவே முயற்சி வீண் என்று முடிவு கட்டலாமா? கூடாது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் மனிதர்கள் கங்காணி இல்லாமல் உழைத்தார்கள், பூட்டு இல்லாமல் வாழ்ந்தார்கள். மனிதன் பிறவியிலேயே பேராசைக்காரன் என்று சொல்பவர்க்கு அந்த நூற்றாண்டு பதில் சொல்லும். அதன் வீழ்ச்சியோ, வாசலை மூடிய சமத்துவம் உள்ளேயும் வாடும் என்று நமக்குச் சொல்லும்.

ஒரு பிடி சாம்பல்

டெகானியா மண்ணில் ஒருவருடைய சாம்பல் புதைக்கப்பட்டிருக்கிறது. அவர் அங்கே உழுதவர் அல்லர். தென்னாப்பிரிக்காவில் கட்டடக் கலைஞராக வாழ்ந்து 1945-இல் மறைந்த ஹெர்மன் காலன்பாக் என்ற யூதர். அவர் பெயரைத் தமிழர்கள் மறக்கக் கூடாது. ஏனெனில், டெகானியா பிறந்த அதே 1910-ஆம் ஆண்டில், தமிழர்கள் கூடி உண்ட ஒரு பொது அடுக்களைக்கு நிலம் தந்தவர் அவர்.

தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் இந்தியர்களை இழிவுபடுத்திய சட்டங்களை எதிர்த்துக் காந்தியார் அறப்போர் நடத்திக்கொண்டிருந்தார். சிறை சென்றவர்களில் தமிழர்கள் மிகப் பலர். சிறை சென்றவன் குடும்பத்துக்குச் சோறு? ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியே பணம் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. காலன்பாக் ஜொகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில், லாலி ரயில் நிலையத்துக்கு அருகே 1,100 ஏக்கர் பண்ணை ஒன்றை வாங்கினார். 1910 மே 30-இல் வாடகையின்றிப் போராளிக் குடும்பங்களுக்கு ஒப்படைத்தார். டால்ஸ்டாய் பண்ணை என்று பெயர் வைத்தனர்.

தமிழர், தெலுங்கர், குஜராத்தியர், வடநாட்டார். இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள், கிறித்தவர்கள் என எல்லோரும் வந்தனர். அடுக்களை மட்டும் ஒன்று! அத்தனை பேர்க்கும் ஒரே உலை. புலால் உண்போர் பலர் இருந்தனர். வேண்டுமா என்று கேட்டனர். எல்லோரும் சேர்ந்து உண்பதற்காகக் காய்கறி உணவுக்கு அவர்கள் இசைந்தனர். வேலைக்காரர் எவரும் இல்லை. தோட்ட வேலை, தச்சு வேலை, செருப்புத் தைக்கும் வேலை எல்லாம் தாங்களே. காலன்பாக் ஒரு துறவி மடத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்று வந்து மற்றவர்க்குக் கற்பித்தார். கழிவுகளை அகற்றும் வேலையும் அவர்களுடையதே. செருப்பைத் தொட்டவன் தீட்டு, மலத்தைத் தொட்டவன் தீண்டாதவன் என்று சாத்திரம் எழுதிய நாட்டிலிருந்து போனவர்கள் அங்கே இரண்டையும் தொட்டனர்; வானம் இடிந்து விழவில்லை!

அந்தப் பண்ணை மூன்றாண்டுகளே நீடித்தது. ஆனால் அதன் விளைச்சலை எண்ணிப் பாருங்கள். 1913-இல் போர் மீண்டும் மூண்டபோது, அங்கே வாழ்ந்த பெண்கள் பதினொருவர் எல்லை தாண்டி நேட்டாலுக்குள் புகுந்தனர். அவர்களில் பதின்மர் தமிழ்ப் பெண்கள். அறுவர் கைக்குழந்தைக்காரிகள். நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று ஒப்பந்தக் கூலிகளிடம் பேசினர். வேலையை நிறுத்துங்கள் என்றனர். சுரங்கங்கள் நின்றன. ஆயிரக்கணக்கானோர் எழுந்தனர். அந்தப் பெண்கள் மூன்று மாதக் கடுங்காவலை ஏற்றனர். படிதாண்டாமை பெண்ணுக்குப் பெருமை என்று பாடிய நாட்டின் பெண்கள், ஒரு மாகாணத்தின் எல்லையையே தாண்டினர்! பொது அடுக்களையில் சேர்ந்து நின்ற கால்கள் அவை. போர்க்களத்திலும் சேர்ந்தே நின்றன.

பொருநைக் கரையில் இரண்டு பந்தி

கடல் கடந்து போன தமிழன் ஒரே பந்தியில் உண்டான். கரையில் இருந்த தமிழன்?

இதோ பொருநைக்கரை. அதே நெல்லை மாவட்டம், சேரன்மாதேவி. 1922-இல் வ. வே. சு. ஐயர் தமிழ்க் குருகுலம் தொடங்கினார். சாதாரண மனிதர் அல்லர் ஐயர். இலண்டனில் புரட்சியாளரோடு பழகியவர், குறளை ஆங்கிலத்தில் தந்தவர், கம்பனில் தோய்ந்தவர். கல்வியோடு கைத்தொழில், நாட்டுப்பற்றோடு உடலுழைப்பு என்பது குருகுலத்தின் நோக்கம். டெகானியாவின் பக்கத்தில் வைத்துப் பேசத்தக்க நோக்கந்தான்! எல்லாச் சாதியாரும் பொருள் கொடுத்தனர். தமிழ்நாடு காங்கிரசுக் கமிட்டி 10,000 ரூபாய் தருவதாக ஒப்பி, முதல் தவணையாக 5,000 ரூபாய் தந்தது.

பணம் பொதுப் பணம். பாடம் பொதுப் பாடம். பந்தி? பார்ப்பனச் சிறுவர் இருவர்க்குத் தனிப் பந்தி! அவர்களுடைய பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார் ஐயர். அவர் தாமாகத் தனித்து உண்டவர் அல்லர். ஆயினும் தனித்து உண்போருக்கு இலை போட இசைந்தார். வெடிகுண்டுக்கு அஞ்சாத வீரர், வைதிகத்தின் இலை நுனிக்கு அஞ்சினார் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

செய்தி வெளிவந்தது. டாக்டர் வரதராஜுலு நாயுடு முழங்கினார், ஈ. வெ. இராமசாமிப் பெரியார் எதிர்த்தார். இருக்கும் இருவர் அப்படியே இருக்கட்டும், இனிமேல் வேண்டாம் என்பது காந்தியார் சொன்ன சமரசம். டால்ஸ்டாய் பண்ணையில் ஒரே உலை வைத்தவரின் சமரசம் அது! 1925 ஏப்ரலில், பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாது என்ற தீர்மானத்தை எஸ். இராமநாதன் தமிழ்நாடு காங்கிரசுக் கமிட்டியில் கொண்டுவந்தார். ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அந்த ஆண்டு ஜூன் 3-ஆம் நாள், பாபநாசம் அருவியில் விழுந்த மகளைக் காக்கக் குதித்து அவர் உயிரிழந்தார். அந்தத் தந்தையின் முடிவுக்கு நாம் தலை தாழ்த்துகிறோம். ஆனால் தனிப் பந்திக்குத் தலை தாழ்த்த முடியாது. அதே ஆண்டு நவம்பரில், காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து பெரியார் வெளியேறினார். அதன் உடனடிக் காரணம் வகுப்புரிமைத் தீர்மானம். அதற்கு முன்பே இரண்டு இலைகள் போட்ட சூடு மனத்தில் ஆறாதிருந்தது.

தமிழ்நாட்டு அரசியலின் திசையை மாற்றியவற்றுள் ஒன்று, ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டு வரிசை! சோற்றுக்குச் சண்டையா என்று அன்று ஏளனம் செய்தவர் உண்டு. சோற்றுக்கு அன்று அந்தச் சண்டை. சோற்றின் அருகே உட்காரும் உரிமைக்கு.

சட்டமும் சுவரும்

பல ஆண்டுகளுக்குப் பின், அந்தப் பந்திக்குப் பதில் சொல்வது போல ஒரு முயற்சி தமிழ்நாட்டில் எழுந்தது. கலைஞர் மு. கருணாநிதியின் ஆட்சியில், 1997-இல் அறிவிக்கப்பட்ட பெரியார் நினைவு சமத்துவபுரம். முதலாவது, மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் 1998 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஓர் ஊருக்கு 100 வீடுகள்: ஆதிதிராவிடர்க்கு 40, பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, ஏனையோர்க்கு 10. தனித்தனித் தெருவாக அன்று, கலந்தே வீடுகள். பொதுச் சமுதாயக் கூடம், பொதுச் சுடுகாடு. இருநூறுக்கு மேற்பட்ட சமத்துவபுரங்கள் எழுந்தன.

கிப்புட்ஸ் செய்யாததை இது செய்தது. அங்கே ஒரே இனத்தவர் கூடினர். இங்கே பிரித்து வைக்கப்பட்டிருந்தவர்களையே பக்கத்துப் பக்கத்தில் குடியேற்றினர். அங்கே விரும்பியவர் திரண்டனர். இங்கே அரசே அழைத்தது. வாசலைத் திறந்த பெருமை இதனுடையது. ஆயினும் கிப்புட்ஸ் செய்ததை இது செய்யவில்லை. நிலம் பொதுவில்லை, தொழில் பொதுவில்லை, உலை பொதுவில்லை. அடுத்தடுத்த வீடு தந்தது சட்டம். அடுத்தடுத்த இலை போடுவது யார் வேலை? சுவரை அரசு நகர்த்தலாம்; அதன் நிழலை மக்கள்தாம் நகர்த்த வேண்டும்.

தோழர்களே, நாம் கண்ட நான்கு ஊர்களையும் ஒருமுறை அடுக்கிப் பாருங்கள். டெகானியாவில் பந்தி திறந்திருந்தது, வாசல் மூடியிருந்தது. டால்ஸ்டாய் பண்ணையில் இரண்டும் திறந்திருந்தன. ஆனால் அது ஒரு கொடையாளியின் நிலத்தில், ஒரு போராட்டத்தின் நிழலில் மூன்றாண்டே வாழ்ந்தது. சேரன்மாதேவியில் வாசல் திறந்திருந்தது, பந்தியில் இலை பிரிந்தது, ஊரே பிரிந்தது. சமத்துவபுரத்தில் வாசல் திறந்தது. பந்தி இன்னும் நம்மை எதிர்பார்த்திருக்கிறது.

வரலாறு தரும் பாடம் இதுவே: யார் உள்ளே வரலாம் என்பதும், உள்ளே வந்தவர் யாரருகே அமரலாம் என்பதும் ஒரே கேள்வியின் இரு பாதிகள். ஒரு பாதிக்கு மட்டும் விடை எழுதியவன் தேர்வில் தேறியவன் ஆக மாட்டான்.

பன்னிருவர் கூடி ஓர் ஊரைத் தொடங்கினர். பதினொரு பெண்கள் கூடிச் சுரங்கங்களை நிறுத்தினர். இளையரசனேந்தலிலும் அதைப் போன்ற கரிசல் ஊர் ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு இளைஞர்களுக்குப் பஞ்சமில்லை. ஆயிரம் ஏக்கர் வேண்டாம், அரசாணையும் வேண்டாம். எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் வரட்டும். திங்களுக்கு ஒரு நாள் பொது உலை ஏறட்டும். ஆண்கள் அரிசி களையட்டும். பெண்கள் கூட்டத்துக்குத் தலைமை தாங்கட்டும். எச்சில் இலையை எல்லோரும் எடுக்கட்டும்.

அன்று யார் வரவில்லை என்பதைக் குறித்து வையுங்கள். அடுத்த திங்கள் உங்கள் வேலை அந்த வீட்டு வாசலில் தொடங்குகிறது.